கேமரா பார்த்த கறுப்பு

மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது.

கருவிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் இந்தத் தொகையை எண்ணால் ஒரு தடவையும் எழுத்தால் ஒரு தடவையும் போட்டிருந்தார்கள். எழுத்தாகப் படிக்கும்போது இன்னும் கனத்தது. பெயிண்டரம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு சமையல் மேடையில் கடிதத்தை விரித்து, அதன்மேல் சூடான டீ டம்ளரை வைத்தாள்.

"ஏம்மா, அதுல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். கறையாக்காதே," என்றார் அவள் வீட்டுக்காரர். அவரும் கருவிக்கூடத்து ஆள்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறார்.

"போடறதா இருந்தாத்தானே கறையைப் பத்திக் கவலை?"

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன்.

நம் கண்ணுக்குத் தெரிகிற சிவப்புக்கு அப்பாலும் வெளிச்சம் உண்டு. அகச்சிவப்பு என்று பேர். அதைப் பார்க்கிற கேமரா ஒன்றைக் கருவிக்கூடத்தில் மூன்று வருஷமாகக் கட்டுகிறார்கள். நெபுலா என்கிற விண்வெளி மேகங்களுக்குள் எவ்வளவு தூசி இருக்கிறது, அது எந்த மாதிரித் தூசி என்று ஆராய்வதற்கு. சாதாரண வெளிச்சம் அந்தத் தூசியில் முட்டி நின்றுவிடும். அகச்சிவப்பு நுழைந்து வெளியே வரும். எவ்வளவு வருகிறது என்று அளந்தால் தூசியின் கணக்குக் கிடைக்கும். அந்தக் கேமராவின் முன்பக்கத்துக் குழாய்க்கு உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தவள் பெயிண்டரம்மா. பக்கவாட்டில் வருகிற வேண்டாத வெளிச்சத்தையெல்லாம் அந்தக் கறுப்பு குடித்துவிட வேண்டும்.

சூடாக இருந்தால் இந்தக் கேமரா சரியாகப் பார்க்காது. அதனால் அதை நாலு நாள் குளிரவைத்து முதல் படம் எடுத்தார்கள். நடுவில் ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம். கமிட்டி கூடியது. பெயிண்ட் சரியில்லை என்றது. குளிரவைத்த செலவு, பழைய பெயிண்டை உரிக்கிற செலவு, வேறு கம்பெனியை வைத்துப் புதிதாக அடிக்கிற செலவு, எல்லாவற்றையும் கூட்டி அவள் தலையில் கட்டினார்கள். இன்று மாலை நாலு மணிக்குள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். போடாவிட்டால் அவளுடைய ஒப்பந்த அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அட்டை இல்லாத பெயிண்டரை எந்தப் பட்டறையும் வாசலோடு அனுப்பிவிடும்.

வாசற்கதவு தட்டப்பட்டது. தட்டிய வேகத்திலேயே தம்பி என்று தெரிந்தது. கருவிக்கூடத்தின் ஸ்டோர் ரூம் அவன் பொறுப்பு. அதனால் வீட்டிலும் அவனுக்கு ஸ்டோர் என்றே பேராகிவிட்டது.

"அக்கா, நான் பேசிட்டேன். ஆறு வருஷம். மாசம் அஞ்சாயிரத்துச் சொச்சம். பிடிச்சதே தெரியாது."

"பல்லு பிடுங்கறவன் மாதிரியே பேசுறியேடா."

"பாதி நான் தர்றேன்."

பெயிண்டரம்மா டம்ளரைத் தூக்கினாள். கடிதத்தில் பழுப்பாக வட்டம் விழுந்திருந்தது. அவள் பார்வை தம்பியின் முகத்தில் இருந்தது.

"நீ எதுக்குத் தரணும்?"

"தம்பி இல்லையா நான்?"

"போன வருஷம் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுத்தே. அதுக்கே பாதிக் காசு இவர்கிட்ட வாங்கிட்டுப் போனே. இப்ப என்ன திடீர்னு கை இவ்வளவு நீளுது?"

ஸ்டோர் குழாயடியைப் பார்த்தான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "வாஷர் போயிடுச்சு போல," என்றான்.

"வாஷர் கிடக்கட்டும். என் பெயிண்ட்ல தப்பு இருந்தா நானே சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷமா இந்தப் பெயிண்ட் துப்பாக்கியைப் பிடிக்கிறேன். காருக்கு அடிச்சிருக்கேன், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடிச்சிருக்கேன். ஒழுகினா ஒழுகிடுச்சும்பேன். நான் பார்க்காத தப்பை எப்படிடா ஒத்துக்கறது?"

"கமிட்டியே சொல்லிடுச்சேக்கா."

"கமிட்டி கேமராக் குழாயைப் பார்த்துச்சா?"

"படத்தைப் பார்த்தாங்க."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறவன்கூட ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கிறான்."

வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். "நேர்ல பார்க்கிறதுன்னா இன்னிக்கே பார்க்கணும். நாலு மணிக்கு அந்தக் குழாயை நான்தான் ஏத்திட்டுப் போகணும். மணல் பீய்ச்சி உரிக்கிற பட்டறைக்கு. டிரிப் சீட்டு நேத்தே போட்டுட்டாங்க."

"உரிச்சிட்டா?"

"வெறும் அலுமினியம்தான் மிஞ்சும்."

"அப்புறம் என் பெயிண்ட் நல்லதா கெட்டதான்னு எதை வெச்சுச் சொல்றது?"

பெயிண்டரம்மா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினாள். வேலைக்குப் போகும்போது சேலைக்குமேல் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். அதன் கைகளில் எத்தனையோ வண்டிகளின் நிறம்.

"கிளம்புங்க."

"மணி ஏழுகூட ஆகலையேம்மா."

"நாலு மணி வரைக்கும் எனக்கு நிறைய சோலி இருக்கு."

*

கருவிக்கூடத்தில் எல்லாரும் தூசி மேடம் என்று கூப்பிடுகிற அம்மாள்தான் கேமராவுக்குத் தலைமை. வானத்துத் தூசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். முதல் நாள் அறிமுகமானபோதே பெயிண்டரம்மா சொன்னாள்: "நல்ல கூத்து மேடம். என் பெயிண்ட்ல ஒரு தூசி உட்காரக் கூடாதுன்னு நான் மூக்கைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன். நீங்க தூசியைத் தேடி அவ்வளவு தூரம் போறீங்க." அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

ஆனால் கமிட்டியில் தூசி மேடமும் இருந்தார். அதனால் இந்த ஒரு வாரமாக அவர் பெயிண்டரம்மாவின் எதிரில் வராமல் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். இன்று அப்படிப் போக முடியவில்லை. காலையிலிருந்து அவருடைய அறை வாசலிலேயே பெயிண்டரம்மா நின்றாள்; அவர் வரும்போது மணி இரண்டாகியிருந்தது.

"அக்கா, எனக்கே மனசு சரியில்ல. ஆனா..."

"உங்க மனசு அப்புறம் மேடம். எனக்கு அந்தப் படத்தைக் காட்டுங்க."

"படத்தையா?"

"என் தலையில கட்டின படத்தை நான் இன்னும் பார்க்கவேயில்லை."

தூசி மேடத்துக்கு முகம் சிவந்தது. அது உண்மைதான். கமிட்டியில் ஏழு பேர் பார்த்தார்கள். பெயிண்ட் அடித்தவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. சாம்பல் நிறத்தில் திரை. அதில் வெள்ளையாக ஒரு வளையம். பெயிண்டரம்மா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முதுகு வலித்திருக்கும், நிமிரவில்லை.

"இதைப் பெருசு பண்ண முடியுமா? ஓரத்தை மட்டும்."

பெரிதாக்கினார்.

"இன்னும்."

இன்னும் பெரிதாக்கினார்.

"மேடம், நீங்க எப்பவாச்சும் ஸ்பிரே அடிச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா."

"ஸ்பிரே அடிச்சா ஓரம் பூனை வால் மாதிரி மெல்ல மெல்லத்தான் அடங்கும். பெயிண்ட் உரிஞ்சாலும் அப்பளம் ஒடிஞ்ச மாதிரி கோணல்மாணலாத்தான் உரியும். இது பாருங்க. கத்தி வெச்சு வகுந்த மாதிரி இருக்கு. ரெண்டு ஓரமும். இது பெயிண்ட்டோட கோளாறு இல்லை. கடைசல் மெஷின்ல வெட்டின ஒரு சாமான். முழுசா ஒரு சாமானே வெள்ளையாத் தெரியுது."

தூசி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வளையத்தின் அகலத்தை அளந்தார். குழாயின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மறுபடி அளந்தார்.

"முன்வளையம்," என்றார் மெதுவாக. "குழாயோட வாயில வர்ற வளையம். அளவு அச்சா பொருந்துது. ஆனா அதுவும் நீங்க அடிச்ச கறுப்புதானே?"

"அதைத்தான் நேர்ல பார்க்கணும்கிறேன்."

*

சரக்கு ஏற்றுகிற வாசலில் குழாய் மரப்பெட்டிக்குள் கிடந்தது. பெட்டியில் ஆணி அடித்தாகிவிட்டது. பக்கத்தில் மேனேஜர் நின்றார். வெயிலோ குளிரோ, கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். முதுகுக்குப் பின்னால் அவர் பேர் கோட்டு சார்.

"வாங்கம்மா. கையெழுத்தா?"

"பெட்டியைத் திறங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்க்க என்ன இருக்கு? முடிஞ்சு போன விஷயம். இன்னும் ஒன்பது நாள்ல கேமரா மலை மேல டெலஸ்கோப்புல இருக்கணும். ஒன்பது நாள்!"

"அதான் சார் கேக்கறேன். பெயிண்ட்ல கோளாறு இல்லாம நீங்க பெயிண்டை உரிச்சு மறுபடி அடிச்சா, மறுபடி அதே வளையம்தான் வரும். அப்ப யார் தலையில கட்டுவீங்க?"

"இங்க பாருங்கம்மா, உங்க வேலை பெயிண்ட் அடிக்கிறது. ஆராய்ச்சி பண்றதுக்கு வேற ஆள் இருக்காங்க."

"சரி சார்," என்றாள் பெயிண்டரம்மா. அந்த மரப்பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சுமைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுந்திருங்கம்மா."

"முட்டி வலிக்குது சார். காலையிலேர்ந்து நிக்கறேன்."

"வண்டிக்கு நேரமாச்சு. டிரைவர்! வண்டியைப் பின்னால எடு!"

வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமியது. கீழே இறங்கி வந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் ஆகல சார்," என்றார்.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு?"

"காலையில நானும் நல்லாத்தான் இருந்தேன் சார்."

கோட்டு சார் அவரைப் பார்த்தார். பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வீடு என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். செக்யூரிட்டியைக் கூப்பிடுவதற்காகப் போனை எடுத்தார்.

"வேண்டாம் சார்," என்று குரல் வந்தது. தூசி மேடம். கையில் வரைபடத்தோடு ஏறக்குறைய ஓடி வந்திருந்தார். "பெட்டியைத் திறங்க. என் பொறுப்பு."

"மேடம், கமிட்டி முடிவு..."

"கமிட்டியில நானும் இருந்தேன். குழாயைப் பார்க்காம முடிவு பண்ணோம். அது எனக்கே அசிங்கமா இருக்கு. திறங்க."

*

சோதனை அறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியை உடைத்தார்கள். எப்படியும் மணலில் உரிக்கப் போகிற சாமான், அதனால் கையுறைகூடத் தேவையில்லை. பெயிண்டரம்மா வெறும் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மெல்ல நகர்ந்தது. அவளுடைய கறுப்பு வழவழப்பாக இருக்காது. வேண்டுமென்றே சொரசொரவென்று அடித்தது, நைஸான உப்புத்தாள் மாதிரி. அப்படி இருந்தால்தான் வெளிச்சம் வழுக்கித் தப்பிக்காது. சொரசொர. சொரசொர. சொரசொர. குழாயின் வாய்க்கு வந்ததும் விரல் வழுக்கியது.

கண்ணைத் திறந்தாள்.

"இது என் கை பட்ட சாமான் இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் தூசி மேடம்.

"மொத்தம் பதினாலு சாமான் வந்துச்சு எனக்கு. பதினாலு கொக்கியில மாட்டி, பல்பு வெச்ச பெட்டியில காயவெச்சேன். இதுல பதினஞ்சு இருக்கு. இந்த வளையத்துக்கு என்கிட்டக் கொக்கியே கிடையாது."

கோட்டு சார் எட்டிப் பார்த்தார். "வழவழன்னு இருந்தா என்ன? கறுப்பாத்தானே இருக்கு? நல்லா ஜம்முனு இருக்கு பாருங்க. உங்க பெயிண்டைவிட இதுதான் கறுப்பு!"

அதில் பொய் இல்லை. கண்ணுக்கு அந்த வளையம்தான் அழகான கறுப்பு. அதன் பக்கத்தில் பெயிண்டரம்மாவின் வேலை கரி படிந்த சட்டி மாதிரி இருந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். தன் விரலுக்குத் தெரிந்ததை இவர்கள் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது?

"நம்ம கண்ணு எதுக்கு?" என்றாள் சட்டென்று. "இது யாருக்காக அடிச்ச கறுப்பு? கேமராவுக்குத்தானே? கேமராவையே கேளுங்க."

சோதனை மேஜையில் சின்ன அகச்சிவப்புக் கேமரா ஒன்று இருந்தது. தூசி மேடம் அதைக் குழாயின் பக்கம் திருப்பி ஸ்விட்சைப் போட்டார். திரை முழுக்க இருட்டு. ஒன்றுமே இல்லை.

"பார்த்தீங்களா," என்றார் கோட்டு சார். "எல்லாமே கறுப்பு."

"இல்ல சார். இந்த ரூம்ல இருக்கிறது புது லைட்டு. கரண்ட் மிச்சம் பிடிக்கிற லைட்டு. அதுல அகச்சிவப்பே வராது. கேமராவுக்கு இது இருட்டு ரூம்." தூசி மேடம் சுற்றிப் பார்த்தார். "பழைய குண்டு பல்பு வேணும். கம்பி எரியற பல்பு."

அறை வாசலில் ஸ்டோர் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"டேய், ஒரு பல்பு எடுத்துட்டு வா," என்றாள் அக்கா.

"பல்பு இல்லக்கா. ஸ்டாக் தீர்ந்துடுச்சு."

"மூணாவது ரேக்கு, கீழ்த் தட்டு. என் காயவைக்கிற பெட்டிக்கு நீதானே எடுத்துக் குடுத்தே? டஜன்ல மூணுதான் எனக்குத் தந்தே. ஒன்பது இருக்கணும்."

ஸ்டோர் நகரவில்லை. அவன் கழுத்து வியர்த்திருந்தது. அக்கா அவனையே பார்த்தாள். காலையில் குழாயடியைப் பார்த்தானே, அதே முகம். அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"போ," என்றாள், குரலைத் தாழ்த்தி. "போய் எடுத்துட்டு வாடா."

போனான். ஸ்டோர் ரூம் நாற்பது அடி தூரம்தான். வர நேரமாயிற்று. வந்தபோது கையில் பல்பு இருந்தது.

மாட்டினார்கள். மஞ்சள் வெளிச்சம் பரவியது. திரை விழித்துக்கொண்டது.

குழாய் தெரிந்தது. அதன் உட்புறம் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி, அடி தெரியாத இருட்டு. அது பெயிண்டரம்மாவின் கறுப்பு. அதன் வாயில், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு வளையம்.

எல்லாரும் நிஜ வளையத்தைப் பார்த்தார்கள், கறுப்பு. திரையைப் பார்த்தார்கள்; வெள்ளை.

"சாயம் ஏத்தின அலுமினியம்!" என்றார் தூசி மேடம், நெற்றியில் அடித்துக்கொண்டு. "சாயம் நம்ம கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பு அந்தச் சாயத்துக்குள்ள புகுந்து போயிடும். உள்ள இருக்கிற உலோகம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி விட்டுடும். அக்கா பெயிண்ட்ல இருக்கிறது கரித்தூள். அது எல்லாத்துக்கும் கறுப்பு."

"எனக்கு நம்பிக்கை வரல," என்று சொல்லிக்கொண்டே கோட்டு சார் கிட்டே வந்தார். குனிந்து வளையத்தைத் தொட்டார். அப்போது அவரும் படத்துக்குள் வந்துவிட்டார்.

சுமைக்காரர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். பிறகு வீட்டுக்காரர். பிறகு அறை முழுக்க. திரையில் கோட்டு சார் வெளுத்த வேட்டி மாதிரி வெள்ளைவெளேரென்று ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். கோட்டுக்கு ஏற்றிய சாயமும் கேமராவுக்குக் கறுப்பில்லை.

"சார், உங்க கோட்டுக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேனா?" என்றாள் பெயிண்டரம்மா.

*

சிரிப்பு அடங்கியபோது கோட்டு சார் முகத்தில் வேறு கணக்கு ஓடியது. "சரி. வளையம் உங்களுது இல்ல. அப்ப யாரோடது? ஸ்டோர்லேர்ந்துதானே வந்திருக்கணும்? ஸ்டோர், இங்க வா. அந்தத் தொகையை உன் பேர்ல போட வேண்டியதுதான்."

ஸ்டோர் வந்து நின்றான். கைகள் கால்சட்டைத் தையலைப் பிடித்திருந்தன.

"நான்தான் குடுத்தேன்," என்றான். "கடைசல்லேர்ந்து அந்த வளையம் வர ஆறு நாள் லேட்டாகும்னாங்க. அதே அளவுல ரெடிமேடா ஒண்ணு ரேக்குல இருந்துச்சு. கறுப்பா இருந்துச்சு. எடுத்து மாட்டச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"பார்த்தீங்களா?" என்று கோட்டு சார் எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

பெயிண்டரம்மா தம்பிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் பேர்லயும் போடக் கூடாது சார்."

"ஏன்? உங்க தம்பிங்கறதாலயா?"

"தம்பிங்கறதால இல்லை. அவனைப் போட்டு நாலு சாத்துச் சாத்தணும்னு எனக்கும் இருக்கு. ஆனா ஸ்டோர்லேர்ந்து ஒரு ஆணி எடுக்கணும்னாக்கூட மேல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இது வளையம். யார் போட்டது? டேய், வாயைத் திற."

ஸ்டோர் பதினைந்து வருஷமாக அந்த ஆளிடம் 'சரி சார்' தவிர வேறு பேசியறியாதவன்.

"நீங்கதான் சார் போட்டீங்க," என்றான். "கடைசல்ல லேட்டாகுதுன்னு வந்து சொன்னேன். தேதி தவறக் கூடாது, கறுப்பா எது இருந்தாலும் போடுன்னீங்க. சீட்டு என்கிட்ட இருக்கு. பச்சை மையில உங்க இனிஷியல் இருக்கு."

"நான் நூறு சீட்டுல கையெழுத்துப் போடறேன்..."

"வரைபடம் என்னோடது," என்று குறுக்கிட்டார் தூசி மேடம். அதை மேஜைமேல் விரித்தார். "எல்லாச் சாமானுக்கும் நேரா 'கறுப்பு'ன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். எந்தக் கறுப்புன்னு எழுதலை. எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். சார், பேர் போடணும்னா வரிசையா என் பேர், உங்க பேர், ஸ்டோர் பேர், அந்த ஏழு பேர் கமிட்டி பேர். எல்லாத்தையும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பலாமா?"

கோட்டு சார் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். பிறகு கையை நீட்டினார்.

"கடிதத்தைக் குடுங்கம்மா."

டீக்கறையோடு அதை வாங்கி, அடியில் பச்சை மையில் விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தார். "போதுமா? சந்தோஷமாப் போங்க."

பெயிண்டரம்மா போகவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாகவே படித்தாள். "கருணை அடிப்படையில்... தள்ளுபடி... செய்யப்படுகிறது."

கடிதத்தைத் திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"இது வேண்டாம் சார்."

"என்னம்மா வேண்டாம்? ஒரு காசு கட்ட வேண்டாம்னு எழுதியிருக்கேன்!"

"கருணைன்னு எழுதியிருக்கீங்க. நான் தப்புப் பண்ணேன், நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்கன்னு ஆகுது. நாளைக்கு வேற பட்டறையில போய் நின்னா, 'உன் பேர்ல மூணே முக்கால் லட்சத்துக்கு மேல பாக்கி இருந்துச்சாமே, பாவம்னு விட்டாங்களாமே'ம்பான். என் பேர்ல பாக்கியே இருந்ததில்லை சார். அதை எழுதுங்க."

"வார்த்தையில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லேன்னா மாத்தி எழுதுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "சார், சீக்கிரம் எழுதினீங்கன்னா வண்டிகூட ஸ்டார்ட் ஆனாலும் ஆகும்," என்றார்.

கோட்டு சார் தான் எழுதியதைக் குறுக்கே அடித்தார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது. "சொல்லுங்க. எப்படி வேணும்?"

"தவறாகப் போடப்பட்ட தொகை. பெயிண்ட் வேலையில் எந்தக் குறையும் இல்லை. ரத்து."

எழுதினார். தேதி போட்டார். தூசி மேடம் கேட்காமலேயே பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு, "அக்கா, அந்த வளையத்தை உங்க கறுப்புல அடிச்சுக் குடுக்க எத்தனை நாள் வேணும்?" என்றார்.

"காயறதுக்கு மூணு நாள். அதுல குறைக்க முடியாது. முதல்ல வரைபடத்துல எந்தக் கறுப்புன்னு எழுதிட்டு வாங்க."

*

ஸ்டோர் ரூமில் வசூல் பதிவேடு இருந்தது. யாரிடம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் ஏறும். ஸ்டோர் பக்கத்தைப் புரட்டினான். அக்காவின் பேருக்கு நேரே அவன் கையெழுத்திலேயே அந்தத் தொகை இருந்தது. அவள் எதிரில் நின்றாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

அவன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தான். தவறாகப் போடப்பட்ட தொகை.

"பாதி தர்றேன்னியே," என்றாள் அக்கா.

பேனா நின்றது.

"வளையத்தாலதான் இவ்வளவும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

வெளியே வண்டி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

"முதல்ல இதை எழுதி முடிச்சிடறேனே, அக்கா."

"எழுது. நான் எங்கயும் போகல."

தொகையின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தான். ரத்து என்று எழுதினான். பாக்கி என்கிற கட்டத்தில் சுழியம் போட்டான். பேனாவை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.